காலண்டர் தாளில் ஆறு கட்டங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மதியமே அண்ணன் போன் செய்தான். "என் பொண்ணு கணக்குல 98 வாங்கியிருக்கா. ஆனா இன்ஜினியரிங் வேணாங்கறா. பி.எஸ்சி. மேத்ஸ்தான் படிப்பாளாம். எல்லாம் நீ கெடுத்து வச்சது. நீயே வந்து பேசி முடி."

நான் ஒன்றும் கெடுக்கவில்லை. புறநகரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் 16 வருடமாகக் கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். இந்தப் பிழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகும் ஒருத்திக்கு ஆசை வருகிறதென்றால் அது என் குற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூருக்குப் போனேன். அண்ணி வஞ்சிரம் வறுத்திருந்தார். சாப்பிட்டு முடித்து, அண்ணன் சோபாவில் சாய்ந்த பிறகு, சுவரில் தொங்கிய நகைக்கடை காலண்டரில் முடிந்துபோன ஏப்ரல் தாளைக் கிழித்துத் தரச் சொன்னேன். வழவழப்பான பெரிய தாள். பின்பக்கம் முழுக்க வெள்ளை. மூன்று வருடத்தையும் அதில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

கட்டம் போடுவதற்கு முன்னால் அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் சேர்ந்தவுடன் ஒரு சின்னத் தேர்வு வைத்து, நீ இந்த வகுப்பில் உட்கார், நீ அதற்கு முந்தினதில் உட்கார் என்று பிரிப்பார்கள். நம்மிடம் அந்த வழக்கம் கிடையாது. 98 வாங்கியவளும் 61 வாங்கியவளும் ஒரே பெஞ்சில், ஒரே முதல் பாடத்தில்தான் தொடங்குவார்கள். நாம் எங்கே நிற்கிறோம் என்பதை நாமேதான் அளந்துகொள்ள வேண்டும்.

"சைன் எக்ஸ் பை எக்ஸ். எக்ஸ் பூஜ்ஜியத்துக்குப் போகும்போது லிமிட் என்ன?"

"ஒண்ணு" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது.

"ஏன்?"

"மேலயும் ஜீரோ, கீழயும் ஜீரோ. அதனால லோபிதால் ரூல் அத்தை. மேல டிஃபரென்ஷியேட் பண்ணா காஸ் எக்ஸ், கீழ ஒண்ணு. காஸ் ஜீரோ ஒண்ணு." தாளின் ஓரத்தில் அழகான கையெழுத்தில் மூன்று வரி. பரீட்சைத் தாளில் முழு மதிப்பெண் விழும்.

"சரி. சைனை டிஃபரென்ஷியேட் பண்ணா காஸ் வரும்னு யார் சொன்னா?"

"ஃபார்முலா அத்தை."

"ஃபார்முலா எங்கிருந்து வந்தது?"

கொஞ்சம் யோசித்தாள். பிளஸ் ஒன்னில் முதல் கோட்பாட்டிலிருந்து வருவித்தது ஞாபகம் வந்தது. சைன் எக்ஸ் பிளஸ் ஹெச் மைனஸ் சைன் எக்ஸ், கீழே ஹெச். விரித்து எழுதினாள். காஸ் எக்ஸ் ஒரு பக்கம் நின்றது. அதன் பக்கத்தில் சைன் ஹெச் பை ஹெச் நின்றது. பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"இதுக்கு லிமிட் ஒண்ணுன்னு..." என்று ஆரம்பித்து, மேலே தான் எழுதிய மூன்று வரியைப் பார்த்தாள். "அய்யோ, நான் அதையேதான போட்டிருக்கேன்!"

ஆமாம், எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே கடன் வாங்கி நிரூபித்திருந்தாள். விடை சரி, விதியும் சரி, ஆனால் காரணம் தன் வாலையே பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. 16 வருடத்தில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். "அதான் ஆன்சர் வந்துடுச்சே மேம்" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒன்றும் பேசாமல் தாளையே முறைத்துப் பார்க்கிறவர்களும் உண்டு. இவள் முறைத்தாள். அண்ணனிடம் திரும்பி, "மேத்ஸ்லயே சேர்த்துடு" என்றேன். அவன் தூங்கிவிட்டிருந்தான்.

அப்புறம்தான் ஆறு கட்டம் போட்டேன், செமஸ்டருக்கு ஒன்று.

சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை ஒட்டி நடத்தும் கல்லூரிகளில் வரிசை பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதல் வருடம் அல்ஜீப்ராவும் டிரிக்னாமெட்ரியும், கால்குலஸ் இரண்டு பாகம். இரண்டாம் வருடம் வெக்டர் கால்குலஸ், டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ் மாதிரியானவை. கூடவே தமிழ், ஆங்கிலம், அலைடு என்கிற துணைப்பாடம். ஐந்தாவது செமஸ்டரில் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவும் ரியல் அனாலிசிஸும் ஒன்றாக வந்து இறங்கும். ஆறாவதில் லீனியர் அல்ஜீப்ராவும் காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸும். தன்னாட்சிக் கல்லூரிகளில் முன்னே பின்னே மாறும். ஆனாலும் கனமானதெல்லாம் கடைசி வருடத்தில் குவிந்திருப்பது பல இடங்களில் அப்படியேதான் இருக்கிறது.

இதனால் என்ன ஆகும் என்பதற்கு நானே உதாரணம். 2001-ல் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடமும் பள்ளிக்கூடக் கணக்கின் தொடர்ச்சிதான். தொகையீடு போடுவேன், சமன்பாடு தீர்ப்பேன், மதிப்பெண் வரும். நான் பெரிய கணக்குப்புலி என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். மூன்றாம் வருடம் ரியல் அனாலிசிஸ் வந்தது. எப்சிலான் கொடு, டெல்டா கண்டுபிடி. எதற்கு என்று புரியவில்லை, கேட்கவும் பயம். போல்சானோ–வயர்ஸ்ட்ராஸ் தேற்றத்தின் நிரூபணத்தைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பிப்போமே, அதே மாதிரி ஒப்பித்தேன். அடிபிறழாமல் எழுதினேன். 84 வந்தது.

அந்த 84-தான் எனக்குப் பெரிய கெடுதல் செய்தது. ஃபெயிலாகியிருந்தாலாவது யாரிடமாவது போய் நின்றிருப்பேன். எம்.எஸ்சி.யில் டோபாலஜி நடத்திய பேராசிரியர் அந்தத் தேற்றத்தைச் சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னார். "இடத்துக்கு எல்லை இருக்கு, புள்ளிகளுக்குக் கணக்கே இல்ல. அப்ப எங்கயாவது நெருக்கியடிச்சுதானே நிக்கணும்?" என்று கடைசியில் அவரே சொன்னார். ஒரே வரி. அந்த வரிக்காக நான் இரண்டு வருடம் தாமதம்.

ஆகவே தாளில் ஐந்தாவது, ஆறாவது கட்டத்திலிருந்து இரண்டு அம்புக்குறி போட்டு முதல் வருடத்துக்கு இழுத்தேன். லீனியர் அல்ஜீப்ராவை முதல் செமஸ்டரிலேயே தானாகப் படிக்க ஆரம்பிக்க வேண்டும். அதற்குக் கால்குலஸ்கூட வேண்டாம், ப்ளஸ் டூ அணிகள் பாடம் போதும். அணியின் தரம் கண்டுபிடிக்க அவளுக்குத் தெரியும், நிரை நிரையாகக் கழித்து ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவாள். ஆனால் "தரம் இரண்டுன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டால், "பூஜ்ஜியம் இல்லாத நிரை ரெண்டு இருக்கு" என்பாள். மூன்று திசை உள்ள இடத்தை ஒரு அணி ஒரு தளமாகத் தட்டையாக்குகிறது என்ற படம் அவள் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் படம் முதல் வருடத்திலேயே தெரிந்துவிட்டால் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், புள்ளியியல், இன்றைக்கு எல்லோரும் ஓடுகிற டேட்டா சயன்ஸ் எல்லாமே பாதி புரிந்த மாதிரி. என்.பி.டெல்.-இல் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்திய வகுப்புகள் இலவசமாகக் கிடக்கின்றன. எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?

ரியல் அனாலிசிஸை அவ்வளவு சீக்கிரம் இழுக்க வேண்டாம். இரண்டாவது செமஸ்டர் லீவில் தொடர் வரிசையும் லிமிட்டும் மட்டும் போதும், ஆனால் ஒரு நிரூபணத்தைக்கூட மனப்பாடம் செய்யக் கூடாது. இதை அடிக்கோடு போட்டு எழுதினேன்.

இழுப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுத வேண்டும். அது பிப்ரவரியில் வரும். கல்லூரியில் லீனியர் அல்ஜீப்ரா ஆறாவது செமஸ்டரில், அதாவது டிசம்பர் கடைசியில்தான் ஆரம்பிக்கும். ஜாமில் மெய்யெண் தொடர்கள், பலமாறிக் கால்குலஸ், குரூப் தியரியோடு லீனியர் அல்ஜீப்ராவின் வெக்டர் ஸ்பேஸிலும் ஐகன் வேல்யூவிலும் கேள்வி கேட்பார்கள். கல்லூரியை மட்டும் நம்பினால், முதல் யூனிட் முடிவதற்குள் பரீட்சை முடிந்திருக்கும். வருடா வருடம் என் மாணவிகள் ஜனவரியில் வந்து, "மேம், ஜாமுக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்கும்போது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வரும்.

இதற்குள் அண்ணன் எழுந்துவிட்டான். காபியோடு வந்து உட்கார்ந்து, "சி.எம்.ஐ.ன்னு ஏதோ சொல்றாங்களே, அங்க சேர்க்கலாமா?" என்றான்.

சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் கழகம். கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1989-ல் ஆரம்பித்தது, 1998-லிருந்து பி.எஸ்சி. நடத்துகிறார்கள். அங்கே வரிசையே வேறு. முதல் செமஸ்டரிலேயே அல்ஜீப்ராவும் அனாலிசிஸும் வந்துவிடும். நான் இவ்வளவு நேரம் அம்புக்குறி போட்டு இழுத்ததை அவர்கள் பாடத்திட்டமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் நுழைவுத்தேர்வு உண்டு. ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். பெங்களூரில் பி.மேத். நடத்துகிற இந்தியப் புள்ளியியல் நிறுவனமும் அப்படித்தான். ரிசல்ட் வந்த பிறகு யோசிக்கிற வீடுகளுக்கு அந்தக் கதவுகள் அந்த வருடம் மூடியாயிற்று. அண்ணன் முகம் வாடியது. "எம்.எஸ்சி.க்கு இன்னொரு தடவை தட்டலாம், அங்க எம்.எஸ்சி.யும் இருக்கு" என்றேன். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்தப் பத்தியை மட்டும் இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

"சரி, ராமானுஜன் என்ன இதெல்லாம் பார்த்தா படிச்சாரு?" என்று கேட்டான். ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் சென்னையில் கணக்குப் பேச்சு முடியாது. அவர் கணக்கைத் தவிர மற்றதில் கவனமே இல்லாமல் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார். 1906-ல் இங்கே பச்சையப்பன் கல்லூரிக்கு வந்து, பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். இன்றைக்கு இருந்திருந்தால் பார்ட் ஃபோர் என்கிற கட்டாய உபரிப் பாடங்களில் சுற்றுச்சூழல் கல்வி அரியரோடு நின்றிருப்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒரு பேப்பர் அரியர் இருந்தாலும் பட்டம் கையில் வராது. எம்.எஸ்சி. சீட் கிடைத்தும் பார்ட் ஃபோர் அரியரால் மாட்டிக்கொண்ட பெண்ணை எனக்குத் தெரியும்.

அலைடு பற்றிச் சொல்லாவிட்டால் இந்தத் தாள் பாதிதான். கல்லூரிப் பட்டியலை அண்ணன் செல்போனில் வைத்திருந்தான். எது பஸ் ரூட், எது ஆட்டோ செலவு, எதில் ஹாஸ்டல் என்று எல்லாம் குறித்திருந்தான். அலைடு என்ன என்று ஒன்றுக்கும் பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. சில கல்லூரிகளில் பிசிக்ஸ், சிலவற்றில் புள்ளியியல், சிலவற்றில் கம்ப்யூட்டர் சயன்ஸ் அல்லது அக்கவுன்டன்சி. பல இடங்களில் மாணவிக்குத் தேர்வு உரிமையே கிடையாது, துறை எதை வைத்திருக்கிறதோ அதுதான். அதாவது கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அலைடையும் சேர்த்து வாங்கி விடுகிறோம், மளிகைக் கடையில் சோப்போடு ஒட்டி வருகிற டப்பா மாதிரி.

எனக்கு வந்தது பிசிக்ஸ். பிசிக்ஸ் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் புள்ளியியலை எட்டிக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிட்டேன். 2007 வாக்கில் ஆக்சுவரி தேர்வு எழுதலாம் என்று ஒரு ஆசை வந்தது. காப்பீட்டுக் கம்பெனிகளில் ஆபத்தைக் கணக்குப் போடுகிற வேலை அது. புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்தே நிகழ்தகவுப் பரவல்தான். பாய்சான் பரவலை நான் பெயரளவில்தான் அறிவேன். மூன்று மாதம் முட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். அது ஒரு காரணம் மட்டும்தான், சோம்பேறித்தனமும் உண்டு. ஆனாலும் அலைடு என்ற சின்னக் கட்டத்துக்குள் ஒரு வேலைக்கான வழி இருந்தது என்பது நிஜம். நிதி, காப்பீடு, டேட்டா என்று போக ஆசையிருந்தால் புள்ளியியல் அலைடு உள்ள கல்லூரி. ஆராய்ச்சிக்கென்றால் பிசிக்ஸ் வீண்போகாது. எது என்று தெரியாவிட்டால் புள்ளியியல். அதை வீட்டில் தனியாகப் படிப்பதைவிட ஒருவர் நடத்திக் கேட்பது எளிது. இது என் அபிப்பிராயம். எங்கள் துறையிலேயே இதற்குச் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொன்றும் சொன்னேன். கல்லூரிக்கு நேரில் போனால் கட்டடத்தைப் பார்க்காதே, மூன்றாம் வருடத்துக்கு அனாலிசிஸ் யார் எடுக்கிறார் என்று அங்கே படிக்கிற பெண்ணிடம் கேள். லயோலாவில் ஃபாதர் ரசீன் என்று ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கணக்கு நடத்தினார். சேஷாத்ரி, எம்.எஸ். நரசிம்மன் மாதிரியான பெரிய கணிதவியலாளர்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். நல்ல வாத்தியார் ஒருவர் போதும்.

எந்தப் பிரிவில் சிறப்புப் படிப்பது என்று அவளே கேட்டாள். ப்யூரா, அப்ளைடா? இப்போதே கேட்கிற கேள்வி இல்லை என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் என் கதை ஞாபகம் வந்தது. எம்.ஃபில். சேரும்போது எனக்கு அனாலிசிஸில்தான் ஆசை. கிடைத்த கைடுக்குத் தெரிந்தது கிராஃப் லேபிளிங். அதனால் நானும் கிராஃப் லேபிளிங். புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் எண் போட்டுக்கொண்டே ஒரு வருடம் போயிற்று. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கணக்கு ஆசிரியர் பத்துப் பேரைப் பிடித்துக் கேட்டுப் பாருங்கள், கிராஃப் லேபிளிங், ஃபஸி என்ற இரண்டு சொல்லும் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் நல்ல வேலை இல்லை என்று சொல்ல வரவில்லை. முக்கால்வாசிப் பேர் விரும்பி எடுத்ததில்லை, கைடு இருந்ததால் எடுத்தது என்றுதான் சொல்கிறேன். சிறப்புப் பிரிவை நாம் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் அதற்கு முன் நாலு பிரிவையாவது மோந்து பார்த்திருக்க வேண்டும்.

மோந்து பார்க்க இந்த ஊரில் இடமிருக்கிறது. பறக்கும் ரயிலில் ஏறினாலே போதும். சேப்பாக்கத்தில் இறங்கினால் பல்கலைக்கழக வளாகத்தில் ராமானுஜன் உயர்கணித நிறுவனம். 1950-ல் அழகப்பச் செட்டியார் பணத்தில் தொடங்கியது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். தரமணிப் பக்கம் மேட்சயன்ஸ் என்கிற கணித அறிவியல் நிறுவனம், 1962-லிருந்து இருக்கிறது. அங்கே பொதுவானவர்களுக்கும் அவ்வப்போது உரைகள் நடக்கும். பாதி புரியாது, பரவாயில்லை. எது புரியாமல் போனாலும் தூக்கம் வரவில்லையோ, அந்தப் பிரிவைக் குறித்து வைத்துக்கொள் என்றேன். கோடை லீவுக்குக் கணக்கு மாணவர்களுக்கென்றே எம்.டி.டி.எஸ். என்ற பயிற்சி முகாம் இருக்கிறது. 1993-லிருந்து நடக்கிறது, நாலு வாரம். அங்கே பாடம் எடுப்பதைவிடக் கேள்வி கேட்டே பிழிவார்கள். என் மாணவி ஒருத்தி போய்வந்த பிறகு வகுப்பில் என்னையே பிழிய ஆரம்பித்தாள். அந்த வருடம்தான் நான் ஒழுங்காகத் தயாரித்து வகுப்புக்குப் போனேன்.

அண்ணனுக்கு மிச்சமிருந்தது ஒரே கேள்வி. "கடைசில வாத்தியார் வேலைதானா?"

வாத்தியார் வேலைக்கே பி.எட்., டெட், டி.ஆர்.பி., கல்லூரிக்கென்றால் நெட் அல்லது செட் என்று எவ்வளவு வாசற்படி இருக்கிறது என்று விளக்கினேன். "அப்ப அதுவும் கஷ்டமா!" என்றான். அண்ணி உள்ளேயிருந்து, "உங்க பையன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு வீட்லதான் இருக்கான்" என்று குரல் கொடுத்தார். பேச்சு அதோடு நின்றது.

கடைசியில் இடம் கிடைத்தது உதவிபெறும் கல்லூரி ஒன்றில், மதிய ஷிப்டில். சுயநிதிப் பிரிவு, அலைடு புள்ளியியல். ஷிப்ட் டூ என்று அண்ணனுக்கு ஒரே வருத்தம். எனக்கு அது லாபமாகத்தான் பட்டது. காலை முழுக்க அவளுடையது. நூலகம் திறந்ததும் போய் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம். காலண்டர் தாளை நாலாக மடித்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டாளாம். மடிப்பு விழுந்த இடத்தில் நாலாவது செமஸ்டர் கிழிந்துவிட்டது, பரவாயில்லை, அதில் நான் பெரிதாக ஒன்றும் எழுதவில்லை.

போன வாரம் இரவு பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. ஒரு வட்டம், அதற்குள் சின்ன முக்கோணம், வெளியே பெரிய முக்கோணம், நடுவே வட்டக்கோணப்பகுதி. மூன்றின் பரப்பையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் நடுவில் சைன் எக்ஸ் பை எக்ஸை நசுக்கி, லிமிட் ஒன்று என்று முடித்திருந்தாள். லோபிதால் இல்லை, கடன் இல்லை. நான் கட்டை விரல் போட்டு அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் அடுத்தது வந்தது. "அத்தை, இதுல வட்டக்கோணப்பகுதியோட பரப்பு யூஸ் பண்ணிருக்கேன். ஆனா வட்டத்தோட பரப்பு பை ஆர் ஸ்கொயர்னு நமக்கு எப்படித் தெரியும்? அதை வருவிக்கப் போனா திரும்ப சைன்தான் வருது."

எழுந்து விளக்கைப் போட்டேன். வெள்ளைத் தாள் எதுவும் கையில் அகப்படவில்லை. காலண்டரில் ஜூன் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது, கிழித்துக்கொண்டேன்.